எறும்பு கடிக்கிற மாதிரி

கும்பிட்ட கையை இறக்கக் கூடாது, மூக்கு அரித்தாலும் சரி, வேர்வை கண்ணுக்குள் இறங்கினாலும் சரி, இறக்குகிற அந்த ஒரு நொடியைத்தான் எவனாவது செல்போனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்புவான் என்று மாதையண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார். மாதையண்ணன் எங்கள் கட்சியின் ஒன்றியச் செயலாளர், நான் பல் பிடுங்கக் கற்றுக்கொண்டிருந்த வயதில் ஓட்டுப் பிடுங்கக் கற்றுக்கொண்டவர், இந்தத் தொகுதியில் எந்த ஊருக்குள் எந்தப் பக்கமாக நுழைய வேண்டும், எந்தக் கோயில் வாசலில் முதலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் வேனுக்குள் என் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், நான் கூரையில் வெட்டிய ஓட்டை வழியாக இடுப்புக்கு மேல் வெளியே நிற்கிறேன், பாதி டாக்டர் குணவதி வெயிலில், மீதிப் பாதி டாக்டர் குணவதி நிழலில், நிழலில் இருக்கிற பாதிக்குச் செருப்பு கடிக்கிறது, வெயிலில் இருக்கிற பாதி சிரித்துக்கொண்டிருக்கிறது. சிரிப்பதில் எனக்குக் கஷ்டமில்லை, அது என் தொழில், வாயைத் திறந்து வைத்திருப்பவர்களின் முகத்துக்கு மேல் கவிழ்ந்து இருபத்தைந்து வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பேசத்தான் முடியவில்லை. தொண்டை போய்விட்டது, நேற்று மத்தியானம் சந்தைமேட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே கீச்சென்று ஒரு சத்தம் வந்து அதற்கப்புறம் காற்று மட்டும்தான் வந்தது, கூட்டம் ஒலிபெருக்கிதான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மைக்செட்காரரைத் திட்டியது. தொண்டை டாக்டர் வாய்க்குள் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, தேர்தல் முடிகிற வரைக்கும் மூச், ஒரு வார்த்தை பேசக் கூடாது, குசுகுசுவென்று பேசலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், அது இன்னும் மோசம், குரல் ஒரேயடியாகப் போய்விடும் என்றார். மாதையண்ணன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கவலை இருந்தது, கவலைக்குக் கீழே கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அதை நான் பார்த்தேன், அவர் மேல் கோபம் வரவில்லை, ஏனென்றால் அதே நிம்மதி எனக்கும் இருந்தது.

பேசாமல் இருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, டாக்டரே எழுதிக் கொடுத்த காரணம். இப்போது எனக்காக வேனுக்கு முன்னால் போகிற ஆட்டோவின் கூம்பு ஒலிபெருக்கி பேசுகிறது, அதில் இரண்டு குரல்கள் மாறி மாறி வருகின்றன, ஒன்று என்னுடையது, தேர்தல் அறிவித்த வாரத்தில் பதிவு செய்தது, இன்னொன்று சேலத்தில் கல்யாண மண்டபங்களில் அறிவிப்புச் செய்கிற ஒரு பெண்ணுடையது, அவளை நான் பார்த்ததே இல்லை. என் குரல் சொல்கிறது, குடிநீர்ப் பிரச்சினைக்கு நிரந்தரத் தீர்வு காணப்படும். காணப்படும். யார் காண்பார்கள்? பதிவு செய்கிற அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் இன்னொரு தடவை உற்சாகமாகச் சொல்லுங்க மேடம் என்றபோதுதான் எனக்கே உறைத்தது, அந்த வாக்கியத்துக்குள் ஆளே இல்லை. சாலைகள் சீரமைக்கப்படும், ஆவன செய்யப்படும், நடவடிக்கை எடுக்கப்படும், எல்லாம் தானாக நடக்கும், ஒருத்தர் சட்டையையும் யாரும் பிடிக்க முடியாது. நாற்காலியில் படுத்திருக்கிறவரிடம் உங்கள் கடைவாய்ப் பல் பிடுங்கப்படும் என்று நான் சொன்னால் எழுந்து ஓடிவிடுவார், யாரு, எப்ப, எதை வெச்சு என்று கேட்பார். ஆனால் இங்கே யாரும் கேட்பதில்லை, வேனைப் பார்த்ததும் எல்லோருக்கும் இலக்கணம் மாறிவிடுகிறது. அந்த அளவிலாவது நான் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பொய் சொல்லவில்லை, ஆளில்லாத வாக்கியம்தானே சொன்னேன் என்று. சேலத்துப் பெண்ணுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. மாதையண்ணன் எழுதிக் கொடுத்ததை மணப்பெண்ணை மேடைக்கு அழைக்கிற அதே குழைவோடு சொல்கிறாள், கரட்டுப்பள்ளம் பெரியோர்களே தாய்மார்களே, உங்கள் டாக்டரம்மா உங்கள் ஊருக்கு ஆயிரம் அடி போர் போட்டுத் தருவார். போட்டுத் தருவார். இதில் ஆள் இருக்கிறது. ஆள் நான்தான்.

போர் என்றால் இந்தப் பக்கத்தில் யாருக்கும் சண்டை ஞாபகம் வராது, வாளும் வராது வேலும் வராது, பாறையைக் குடைந்துகொண்டு இறங்குகிற இரும்புக் கம்பிதான் ஞாபகம் வரும், வெள்ளையாகத் தூள் பறக்க ஊரே சுற்றி நின்று பார்க்கும், ஈரமாகச் சேறு வந்தால் குலவை போடுவார்கள். கரட்டுப்பள்ளத்தில் ஏற்கெனவே ஒரு போர் இருக்கிறது, அந்தத் தண்ணீர்தான் அந்த ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் பழுப்பாகப் பட்டை பட்டையாக உட்கார்ந்திருக்கிறது. பாறையில் இருக்கிற ஒரு உப்பு அது, கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது, குடிக்க இனிப்பாகக்கூட இருக்கும், பல் முளைக்கிற வயதில் குடித்தால் பல்லுக்குள்ளேயே கறையாகிவிடும், அதற்குப் பிறகும் குடித்துக்கொண்டே இருந்தால் எலும்புக்குப் போகும், நாற்பது தாண்டியதும் முட்டி மடங்காது, முதுகு திரும்பாது, பக்கத்தில் கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்புவார்கள். காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற உப்பு கூடும், ஊர் முழுக்கச் சுத்தம் என்று நினைத்துக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். ஆழம் போகப் போக இன்னும் கூடுதல். சுற்றுவட்டாரத்தில் ஆழமாகப் போட்ட ஊர்களின் பிள்ளைகளையெல்லாம் வாயைத் திறந்து பார்த்தவள் நான், கிணறு எவ்வளவு ஆழம் என்று பல்லைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆயிரம் அடி என்றால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த ஊருக்குள் நுழையப் போகிறேன், கும்பிட்ட கையோடு, எனக்கு முன்னால் அந்தக் குழைவான குரல் போகும். அந்தப் போர் வேண்டாம், இருக்கிற தண்ணீரையும் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், கூரையில் விழுகிற மழைத் தண்ணீரைத் தொட்டி கட்டிப் பிடித்து வைத்து அதைக் குடியுங்கள், ஆற்றுத் தண்ணீர்க் குழாய் வர இன்னும் வருஷங்கள் ஆகும், நான் ஜெயித்தாலும் ஆகும். இதைத்தான் சொல்ல வேண்டும். மொத்தமும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். மழைத் தண்ணியைப் பிடிச்சுக் குடிங்க என்று சொல்லி ஓட்டுக் கேட்ட ஒரு ஆளை எனக்குக் காட்டுங்கள்.

குரல் இருந்தபோதும் சொல்லவில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன், தொண்டை நேற்றுத்தான் போனது, அதற்கு முன்னால் எத்தனை ஊர். ஒவ்வொரு ஊரிலும் அந்த வாக்கியம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, இந்தத் தண்ணியை என்று ஆரம்பித்துவிடுவேன், கூட்டம் நிமிரும், குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு பெண்கள் ஒரு அடி முன்னால் வருவார்கள், அந்த ஒரு அடியைப் பார்த்ததும் வாக்கியம் வேறு பக்கம் திரும்பிவிடும், இந்தத் தண்ணி விஷயத்துல நான் உங்க பக்கம்தான் நிக்கிறேன் என்று முடியும். அதற்கு என்ன அர்த்தம்? எனக்கே தெரியாது, ஆனால் கைதட்டினார்கள். ஒரு நாள் வேனிலேயே மாதையண்ணனிடம் கேட்டேன், இந்தப் போர் பேச்சை விட்டுடலாமே அண்ணா, இருக்கிற நிலைமையைச் சொல்லிடலாமே என்று. அவர் கோபப்படவில்லை, வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே கேட்டார். "ஏம்மா, ஒரு ஊர்ல போயி உங்க தண்ணி விசம்னு சொன்னா என்னா பண்ணுவாங்க?" குடிக்க மாட்டாங்க என்றேன். "குடிப்பாங்கம்மா. வேற தண்ணி எங்க இருக்குது? அதையே குடிச்சுக்கிட்டு உங்களத் திட்டுவாங்க." பழத்தில் பாதியை எனக்குக் கொடுத்தார். "ஜெயிச்சுட்டு சொல்லுங்க. அப்ப நீங்க சொன்னா கேக்கற எடத்துல இருப்பீங்க." கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. ஜெயித்தால் சட்டசபையில் பேசலாம், குழாய்க்கு ஏற்பாடு செய்யலாம், அதிகாரிகளை உட்கார வைத்துக் கேட்கலாம், அதற்கெல்லாம் முதலில் ஜெயிக்க வேண்டும், ஜெயிக்க வேண்டுமானால் இப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் ஜெயித்தவர்கள் எல்லோருக்கும் அடுத்த தேர்தல் என்று ஒன்று வந்துவிடுகிறதே. எப்போது அந்த அப்புறம்? எனக்கு முன்னால் இந்தத் தொகுதியில் ஜெயித்த ஒவ்வொருவரும் இதே வேனில் இதே ஓட்டையில் நின்று இதையேதான் நினைத்திருப்பார்களோ என்னமோ, ஒருத்தர்கூடக் கெட்டவராக இருந்திருக்க வேண்டியதில்லை, எல்லோரும் அப்புறம் சொல்லலாம் என்று நினைத்த நல்லவர்களாகவே இருந்திருக்கலாம். இந்த நினைப்பு என்னைச் சமாதானப்படுத்துகிறதா பயமுறுத்துகிறதா என்று பார்த்தேன். இரண்டும் இல்லை, செருப்புதான் கடித்தது.

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, கூரை விளிம்பு விலாவில் இடித்தது, கையை இறக்கவில்லை. வரப்பில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் நின்று பார்த்தார், அவரைக் கும்பிட்டேன், அவர் கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு திரும்பக் கும்பிட்டார், கும்பிட்டபோது உடம்போடு சேர்ந்து திரும்பினார். கிளினிக்கில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள், வலிக்குமா டாக்டரம்மா? நானும் ஒரே பதில்தான் சொல்வேன், ஊசியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். எந்த எறும்பு அப்படிக் கடிக்கும்? ஆனால் அந்தப் பொய்க்கு அடுத்த நிமிஷமே கணக்குத் தீர்ந்துவிடும், ஊசி இறங்கும், கண்ணில் தண்ணீர் வரும், முறைப்பார்கள், அப்புறம் மரத்துப்போகும், பல் வெளியே வரும், வலி போய்விடும், போகும்போது நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். இங்கே ஊசி அஞ்சு வருஷம் கழித்துத்தான் இறங்கும், அதற்குள் நாற்காலியில் வேறு யாராவது படுத்திருப்பார்கள். இன்னொன்றும் இருக்கிறது, அதை நினைக்க எனக்கே சிரிப்பு வருகிறது, நான் இதுவரை பேசிப் பழகினதெல்லாம் வாய்க்குள் பஞ்சு வைத்திருக்கிறவர்களோடுதான். நான் பேசுவேன், அவர்கள் ஆ என்பார்கள். எதிர்ப் பேச்சு என்று ஒன்றைக் கேட்டதே கிடையாது. ஒரு ஊரே வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்க்கப் போகிறது, அந்த முகங்கள் என் கண் முன்னாலேயே மாறப் போகின்றன, அதற்குத்தான் பயப்படுகிறேன், தோற்பதற்கு இல்லை. தோற்றால் கிளினிக் இருக்கிறது. இப்படிச் சொல்லிக்கொள்வது நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மையா? ஜெயிக்கவும் ஆசையாகத்தான் இருக்கிறது, போஸ்டரில் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றில் ஏதோ இனிப்பாக இறங்குகிறது, அதையும் கணக்கில் சேர்த்துத்தான் ஆகவேண்டும்.

கரட்டுப்பள்ளம் என்றால் எனக்கு அந்த ஊர்க்காரி காவேரி ஞாபகம்தான் வரும். போன ஆடி மாதத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தாள், மகள் சுகந்தி, கல்லூரி முடித்தவள், பேசும்போது கை தானாக வாய்க்குப் போகும், அந்த ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் அப்படித்தான், சிரிக்க வேண்டுமானால் முந்தானை ஏறும், துப்பட்டா ஏறும், பார்க்கிறவர்கள் வெட்கம் என்று நினைப்பார்கள். முன்பற்களுக்கு உறை போட வேண்டும், மாப்பிள்ளை வீடு வெளியூர், நிச்சயத்துக்கு முன்னால் முடித்துக் கொடுங்கள் என்றாள் காவேரி. போடலாம், ஆனால் தண்ணியை மாத்தணும், அவளுக்கு நாளைக்குப் பிறக்கிற குழந்தைக்காவது வேற தண்ணி கொடுக்கணும் என்று ஆரம்பித்தேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "டாக்டரம்மா, உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன், தண்ணின்னு மட்டும் சொல்லாதீங்க. சின்ன வயசுல காய்ச்சலுக்குச் சாப்பிட்ட மாத்திரையால வந்த கறைன்னு சொல்லுங்க. நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றோம்." ஏன் என்று கேட்டேன். "மாத்திரைன்னா எம் பொண்ணுக்கு மட்டும்தான். தண்ணின்னா ஊருக்கே. அப்புறம் பல்லு மட்டுமா பாப்பாங்க, எலும்பு எப்படி, இடுப்பு எப்படி, புள்ள எப்படிப் பொறக்கும்னு கேப்பாங்க. எங்க ஊர்ல பொண்ணே எடுக்க மாட்டாங்க டாக்டரம்மா." சுகந்தி சுவரில் ஒட்டியிருந்த பல் தேய்க்கும் முறை படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உறை போட்டேன், மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாரோ போன் செய்து விசாரித்தபோது மாத்திரைதான் என்றேன். அந்த வார்த்தை எனக்குப் புதுசும் இல்லை. என் முன்பற்கள் நான்கும் என்னுடையவை அல்ல. நானும் இந்தப் பக்கத்துப் பாறைத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்தான், பல் மருத்துவம் படிக்கும்போது என் பேராசிரியரே போட்டுவிட்ட உறை, அப்புறம் ஒருமுறை மாற்றியாகிவிட்டது, பெண் பார்க்க வந்தவர்களிடம் என் அம்மா மாத்திரை என்று சொன்னார், என் கணவருக்கு இன்றுவரை மாத்திரைதான். போஸ்டருக்குப் படம் எடுத்தவர், டாக்டர்னா சிரிப்பு இப்படி இருக்கணும் என்றார். தொகுதி முழுக்க ஒட்டியிருக்கிறார்கள்.

ஊர் வந்துவிட்டது. பறை சத்தம் முதலில் வந்தது, அப்புறம் புளியமரம், அப்புறம் தண்ணீர்த் தொட்டி, அதன் காலில் என் போஸ்டர். சரவெடி வெடித்து முடிக்கிற வரைக்கும் வண்டி காத்து நின்றது, புகை கலைந்தபோது ஊரே நின்றுகொண்டிருந்தது, பிள்ளைகள் முன்னால் குதித்தன, அவற்றுக்கு இன்னும் வாயை மூடத் தெரியாது, அத்தனை வாயும் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தன, பழுப்பு, பழுப்பு, பழுப்பு, ஒரு டாக்டருக்கு அதைப் பார்த்துக்கொண்டு கும்பிடுவது அவ்வளவு சுலபமில்லை. ஒலிபெருக்கியில் சேலத்துப் பெண் உங்கள் டாக்டரம்மா ஆயிரம் அடி என்று ஆரம்பித்தாள், அடி என்ற இடத்தில் குரல் இழுத்துக்கொண்டே போய்க் கம்மி நின்றுவிட்டது. ஆட்டோவில் இருந்த ஜெனரேட்டர் இருமிவிட்டு அடங்கியது. மைக்செட்காரர் இறங்கி ஓடினார், மாதையண்ணன் கீழேயிருந்து "யோவ், என்னாய்யா ஆச்சு?" என்று கத்தினார். நான் ஏதோ சொல்லப் போகிறேன் என்று நினைத்துப் பறைக்காரர்களும் நிறுத்திவிட்டார்கள். திடீரென்று ஊர் அமைதியாக இருந்தது, இத்தனை நாளில் இப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை, தொட்டிக் குழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

அந்த அமைதிக்குள்தான் காவேரி ஆரத்தித் தட்டோடு வந்தாள், புதுப் புடவை, பக்கத்தில் பட்டுப் புடவை கட்டிய ஒரு அம்மா, வெளியூர் என்று பார்த்ததுமே தெரிந்தது, வாயை மூடாமல் சிரித்தார், பல் வெள்ளையாக இருந்தது. "டாக்டரம்மா, இவங்கதான் எங்க சம்பந்தியம்மா, கல்யாணத்துக்குத் தேதி குறிக்க வந்திருக்காங்க" என்றாள் காவேரி, சத்தமாக, பெருமையாக. வேன் படியில் ஏறி நின்று தட்டை மூன்று சுற்றுச் சுற்றினாள். பிறகு ஊருக்காகத்தான் கேட்டாளோ, சம்பந்தியம்மா கேட்க வேண்டுமென்று கேட்டாளோ, "அந்தப் போரு எப்பப் போடுவீங்கன்னு உங்க வாயால சொல்லுங்க டாக்டரம்மா" என்றாள். எல்லோரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். அதே ஒரு அடி. தொண்டையைக் காட்டித் தலையாட்டினால் போதும், என்னிடம் டாக்டர் சொன்ன காரணம் இருக்கிறது, யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மாதையண்ணன் அதைத்தான் எதிர்பார்த்து என் புடவை நுனியை லேசாக இழுத்தார். ஒரு பிள்ளை தொட்டிக் குழாயில் வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. நான் பார்த்தது அதைத்தான் என்று நினைக்கிறேன், அல்லது அப்படி நினைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது. கூரை விளிம்பில் வயிற்றை அழுத்திக் குனிந்தேன், காவேரியின் காதுக்குப் பக்கத்தில், மல்லிகைப்பூவுக்குள்ளேயே வாயை வைத்த மாதிரி. சம்பந்தியம்மாவுக்குக் கேட்டுவிடக் கூடாது, காவேரியிடம் சொன்னால் அவள் நேரம் பார்த்து ஊருக்குச் சொல்லிக்கொள்வாள் என்று அந்த நொடியில் ஒரு கணக்கும் போட்டுக்கொண்டேன். "போர் வேண்டாம் காவேரி. ஆழமாப் போனா இன்னும் விஷம்தான் வரும். நான் போட மாட்டேன். இந்தத் தண்ணியவே பிள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க." காற்றுதான் வந்தது, தொண்டையில் கத்தி இழுத்த மாதிரி இருந்தது, ஆனால் வார்த்தைகள் முழுசாக வந்தன, என்னுடைய வாக்கியம், ஆள் இருக்கிற வாக்கியம், இத்தனை ஊர் தாண்டி ஒரு காதுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

காவேரி நிமிர்ந்தாள். அவள் முகம் மாறியது, நான் பயந்த மாதிரிக் கோபமாக இல்லை, மறதியில் அடுப்பில் வைத்துவிட்டு வந்த பாலை நினைத்துக்கொண்டவள் முகம் மாதிரி ஆனது, அவ்வளவுதான். "என்னா சொல்றாங்க?" என்று சம்பந்தியம்மா கேட்டார். "என்னா சொன்னாங்க, என்னா சொன்னாங்க" என்று பின்னால் இருந்தவர்கள் கேட்டார்கள். காவேரி என்னைப் பார்த்தாள். சம்பந்தியம்மாவைப் பார்த்தாள். தட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு ஊர்ப் பக்கம் திரும்பினாள், முந்தானை வாய்க்குப் போகவில்லை, நான் பார்த்த வரைக்கும் முதல் தடவையாக. "டாக்டரம்மா சொல்லிட்டாங்க! தை பொறந்ததும் போர் வண்டி வருதாம்! ஆயிரம் அடியாம்!" பறை விழுந்தது, விசில் பறந்தது, சம்பந்தியம்மா கைதட்டினார், யாரோ துண்டைத் தூக்கி எறிந்து பிடித்தார்கள், பெண்கள் குலவை போட்டார்கள், போர் போட்டுத் தண்ணீரே வந்துவிட்ட மாதிரி. இல்லை என்று கத்தினேன். கத்தியதாக நான் மட்டும்தான் நினைத்தேன், வாய் மட்டும் திறந்து மூடியது, கீழே இருந்தவர்கள் நான் வாழ்த்துகிறேன் என்று நினைத்து இன்னும் சத்தம் போட்டார்கள்.

காவேரி தட்டில் இருந்த குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு எம்பினாள். நான் குனிந்தேன், குனியாமல் இருந்திருக்கலாம், பழக்கம். நெற்றியில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே என் காதுக்குள் பேசினாள், என்னைப் போலவே காற்றுக் குரலில், அவளுக்குத் தொண்டையில் ஒன்றும் இல்லை. "சுகந்தி கழுத்துல தாலி ஏறட்டும் டாக்டரம்மா. அப்புறம் சொல்லுங்க. எங்க ஊட்டு ஓட்டு, எங்க தெரு ஓட்டு, எல்லாம் உங்களுக்குத்தான்." அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, அதை நான் பார்த்தேன், அது எனக்காகவா பிள்ளைகளுக்காகவா என்று தெரியவில்லை. ஆட்டோவில் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு எழுந்தது, என் குரல் ஊருக்கு மேலே தெளிவாக, உற்சாகமாக, தீர்வு காணப்படும் என்றது. காவேரி படியிலிருந்து இறங்கினாள், வண்டி நகர்ந்தது. மாதையண்ணன் என் புடவையை விட்டுவிட்டு, கீழேயிருந்து அண்ணாந்து பார்த்து, நிஜமான அக்கறையோடு கேட்டார். "பேசிட்டீங்களேம்மா. ரொம்ப வலிக்குதா?"

கும்பிட்ட கையை இறக்காமல், பல் தெரியச் சிரித்துக்கொண்டே, இல்லை என்று தலையை ஆட்டினேன்.